கீழ்க் கடப்படி

எங்கள் ஒழுங்கை தார் றோட்டில் தொடங்கி மேற்கே இறங்கி, வட்டை ஓரமாக ஓடும் வடிச்சல் வாய்க்காலில் போய் முடிகிறது. நீளம் 350 அடி, அகலம் 10 அடி. கிறவல் போட்ட பாதை. இடப்பக்கம் முழுவதும் ஒரு தென்னந்தோட்டத்தின் மதில். வலப்பக்கம் நான்கு வளவுகள். அந்த நான்கு வளவுகளுக்கும் முன்னால், பாதையை ஒட்டியபடி ஒரு கான் ஓடுகிறது. அந்தக் கானைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கவிதையும் கதையும் வருகிற சஞ்சிகையில் மாஸ்டர் கான் வெட்டுகிற கதை சொல்கிறாரே என்று யாராவது சிரித்தால் நான் கோபிக்கப் போவதில்லை. என்னை ஒரு வகுப்பறையில் தலைகுனிய வைத்தது இந்தக் கான்தான். அதனால் எழுதுகிறேன்.

நான் இந்த ஒழுங்கையில் பிறந்தவன் அல்லன். கிழக்கு மாகாணத்தில் எங்களவர்களின் வழக்கப்படி, 2006 இல் கலியாணம் முடித்து மனைவியின் வீட்டுக்கு வந்தவன். தொண்டர் ஆசிரியனாகச் சில வருடங்கள் அலைந்து, பிறகு நியமனம் கிடைத்து, அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருடம் கணிதம் பயின்றவன். வெண்கட்டி பிடித்த கைக்கு மம்பட்டி வராது. மாமா, அதாவது மனைவியின் வாப்பா, அதற்கு நேர்மாறானவர். எழுத்து வாசனை கொஞ்சம்தான். ஆனால் எந்த நிலத்தையும் ஒரு தரம் நடந்து பார்த்தால், தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லிவிடுவார்.

மாமாவிடம் பழைய மெசி பெர்கியுசன் 135 ஒன்று இருந்தது. 1964 இல் சந்தைக்கு வந்த வகை. மூன்று சிலிண்டர் எஞ்சின். இன்றைக்கு வட்டையில் ஓடுகிற பெரிய மெசின்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினால், யானைக்குப் பக்கத்தில் கன்றுக்குட்டி மாதிரித்தான் இருக்கும். அதற்குப் பின்னால் பூட்டுவதற்கென்று ஆறடி அகலத்தில் ஒரு பிளேட்டை ஊர் வேர்க்ஷொப்பில் ஒட்டுவித்து வைத்திருந்தார். உழுத வயலைப் பலகையடித்து மட்டமாக்கச் செய்வித்த பிளேட் அது. சிறுபோக வெட்டு முடிந்து மெசின் சும்மா நிற்கும் செப்டம்பர் மாதத்தில், முதல் மழை ஒன்றிரண்டு விழுந்து மண் லேசாக ஈரம் பிடித்ததும், அதே பிளேட்டால் ஒழுங்கையின் கானைத் துப்புரவாக்குவார். காய்ந்து இறுகிய மண்ணில் பிளேட் துள்ளும்; சேற்றில் சில்லு புதையும்; இரண்டுக்கும் இடையில் நாலைந்து நாட்கள்தான் கிடைக்கும் என்பார்.

அவர் செய்யும் விதத்தை நான் திண்ணையில் இருந்து பல வருடம் பார்த்திருக்கிறேன். மெசினின் வலப்பக்கத் தூக்குத்தண்டில் ஒரு கைப்பிடி உண்டு. அதைச் சுற்றினால் பிளேட்டின் வலமுனை கீழே சரியும். பிறகு ஊசியைக் கழற்றி, வலமுனை முன்னும் இடமுனை பின்னுமாக நிற்கும்படி பிளேட்டைத் திருப்பி வைப்பார். வலப்பக்கச் சில்லுகள் இரண்டையும் கானுக்குள் இறக்கி, முதலாம் கியரில் ஊர்ந்து போவார். கானில் படிந்த மண், புல், மழையோடு போன கிறவல் எல்லாம் வலமிருந்து இடமாக உருண்டு ஏறி, பாதையில் ஒரு வரம்பாகக் கிடக்கும். ஒரு தடவைக்கு இரண்டு அங்குலத்துக்கு மேல் சீவமாட்டார். எட்டு, பத்துத் தடவை போவார். கடைசியில் பிளேட்டை நேராக்கி, அந்த வரம்பை மதில் பக்கமாக இழுத்துப் பரவுவார். மதிலடி கானடியைவிட நான்கு அங்குலம் உயர்ந்து நிற்கும். பத்தடிப் பாதைக்கு அந்தச் சரிவு போதும். மழை சில்லுத் தடங்களில் தேங்காமல் கானுக்கு இறங்கிவிடும்.

அவருடைய கான் பார்வைக்குக் கான் மாதிரியே இராது. நாலடி அகலம், ஒன்பது அங்குல ஆழம், அடியில் குட்டைப் புல். மாடு தாண்டும். குழந்தை விழுந்தாலும் எழும்பி வரும். இதைக் கொஞ்சம் ஆழமாக வெட்டினால் என்ன என்று ஒருநாள் கேட்டேன்.

"சில்லு இறங்காத கான வெட்டினா அடுத்த வருசம் அதத் துப்புரவாக்க ஏலாது மகன்" என்றார். அதற்குமேல் விளக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

2019 இல் மாமா மௌத்தானார். மெசின் எங்கள் வளவில் தகரக் கொட்டிலுக்குள் நின்றது. 2020 உம் 2021 உம் கொரோனாவோடு போயின. வயல் வேலைக்கு ஆள் பிடித்து ஓட்டுவித்தோமே தவிர, கானை யாரும் தொடவில்லை. புல் முழங்காலளவு வளர்ந்து, மண் படிந்து, கான் எது பாதை எது என்று தெரியாமலாகிவிட்டது. 2021 மாரியில் தண்ணீர் எங்கள் கடப்படியைத் தாண்டி முற்றத்துக்கு வந்தது. மனைவி என் முகத்தைப் பார்த்தாள். வரும் வருடம் நானே செய்கிறேன் என்று சொன்னேன்.

வரும் வருடம் 2022. அந்த வருடத்து டீசல் பாட்டை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. வரிசையில் நின்று களைத்து, பிறகு கியூ.ஆர். அட்டையோடு அளந்து வாங்கிய காலம். உழவுக்கென்று சேர்த்து வைத்ததில் கொஞ்சம் எடுத்துத்தான் கானுக்குச் செலவழிக்க வேண்டும். பத்துத் தடவை சீவ எனக்கு மனம் வரவில்லை. ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை பிளேட்டை நன்றாகச் சரித்து, ஆழமாக இறக்கி, நான்கே தடவையில் முடித்தேன். இரண்டாம் தடவையில் பிளேட்டின் முனை ஒரு வேரில் மாட்டி, மெசின் கான் பக்கமாக ஒரு சாய்வு சாய்ந்தது. நெஞ்சு வாய்க்கு வந்துவிட்டது. கிளச்சை மிதித்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு மறுபடியும் ஓட்டினேன்.

முடித்துவிட்டுப் பார்த்தபோது பெருமையாகத்தான் இருந்தது. ஒன்றேகால் அடி ஆழம். ஓரங்கள் வெட்டிய கேக் மாதிரி நேராக நின்றன. அடியில் ஒரு புல் இல்லை. தார் றோட்டிலிருந்து எங்கள் வளவின் கீழ் எல்லைவரை அப்படி வெட்டினேன். நாங்கள் இரண்டாவது வளவு. மூன்றாவது வளவு வெறும் காணி. நான்காவது, வாய்க்கால் ஓரத்து வளவு, ஒரு விதவைத் தாத்தாவினது. தென்மேற்கிலிருந்து மேகம் ஏறி வந்ததாலும், டீசல் கம்பி அடியைத் தொட்டுவிட்டதாலும் எங்கள் எல்லையோடு மெசினை நிறுத்தினேன். மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று நினைத்தேன். பிறகு பார்க்கவில்லை.

நவம்பர் கடைசியில் ஓர் இரவு முழுக்க அடித்து ஊற்றியது. சுபஹுக்கு எழும்பிப் பார்த்தேன். எங்கள் முற்றத்தில் ஒரு சொட்டுத் தேங்கவில்லை. கானில் தண்ணீர் செம்மண் நிறத்தில் பாய்ந்து போய்க்கொண்டிருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தோம்.

இரண்டு நாள் கழித்துப் பாடசாலை. தரம் 10. வட்டத்தின் பரப்பளவு பாடம் நடந்துகொண்டிருந்தது. வீட்டு வேலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். தாத்தாவின் மகள் நடு வரிசையில் இருப்பவள். முன்னால் ஒற்றைத் தாள் மாத்திரம் கிடந்தது.

"கொப்பி எங்க?"

எழும்பி நின்றாள். பதில் இல்லை.

"கேட்கிறது விளங்கல்லயா? கொப்பி இல்லாம என்னத்துக்கு வாற?"

"நனைஞ்சிட்டு சேர்."

"மழை எல்லாருக்கும்தான் பெய்த. மத்தவங்கட கொப்பி நனையல்லயே?"

பாடம் முடியும்வரை அவளை நிற்க வைத்தேன். நாற்பது நிமிடம். அவள் அழவில்லை. கரும்பலகையைப் பார்த்து அந்தத் தாளில் நின்றபடியே எழுதிக்கொண்டாள்.

அன்று பின்னேரம் வாய்க்கால் பக்கமாகச் சைக்கிளில் வந்தேன். வழமையாக அந்த வழியில் வருவதில்லை. றோட்டுப் பக்கம் தண்ணீர் நின்றதால் அப்படி வந்தேன். தாத்தாவின் வளவு முழுக்கச் சேறு. வீட்டுச் சுவரில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே செம்மண் கோடு. குசினிக் கூரைத் தகரத்தின் மேல் கொப்பிகளும் புத்தகங்களும் விரித்து வைக்கப்பட்டு, காற்றுக்குப் பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல் இருந்தது. என்னுடைய சிவப்பு மைச் சரிகள் கரைந்து பக்கமெல்லாம் ஊறியிருந்தன.

சைக்கிளைச் சாத்திவிட்டுக் கானைப் பார்த்தேன். அவர்களுடைய கடப்படிக்குக் கீழே ஆறு அங்குல பி.வி.சி. குழாய் ஒன்று. அதன் வாயை மணல் முக்கால்வாசி அடைத்திருந்தது. அந்த மணல் எங்கிருந்து வந்தது என்று அறிய ஆராய்ச்சி தேவைப்படவில்லை. கானோடு மேலே நடந்தேன். என் வெட்டிய கேக்கின் ஓரங்கள் இடிந்து விழுந்திருந்தன. புல் சீவிய அடி, தண்ணீரோடு அரித்துக்கொண்டு போயிருந்தது. எங்கள் வீட்டுக்கு முன்னாலுள்ள ஹியூம் பைப் ஒன்பது அங்குலம். நான் அன்று வகுப்பில் எழுதிய அதே சூத்திரம்தான்: பரப்பளவு ஆரையின் வர்க்கத்தோடு போகும். ஒன்பதுக்கும் ஆறுக்கும் வித்தியாசம் மூன்று அங்குலம் என்று கண் சொல்லும். பரப்பளவில் 81 க்கு 36. அதாவது ஒன்று மற்றதைப் போல இரண்டே கால் மடங்கு. மாமாவின் அகலமான புல் கான், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து வைத்துக் கீழே விட்டது. நான் வெட்டியது அதை ஓட ஓட விரட்டி, மண்ணையும் சேர்த்து, அடைபட்ட ஒரு ஆறங்குலக் குழாயின் முன்னால் கொண்டுபோய்ப் போட்டது. எங்கள் முற்றம் காய்ந்து கிடந்ததற்கு அவர்களுடைய வீடு நனைந்திருந்தது.

தாத்தா வெளியே வந்தார். "வாங்க சேர், இரிங்க" என்று, கால் சேறு படாமல் ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டார். நான் இருக்கவில்லை.

"தாத்தா, இது என்ட கானால வந்த வினை. நான்தான் இப்பிடி வெட்டிட்டு இடையில விட்டிட்டன்."

"அது தெரியும் சேர்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "நீங்க வேணுமெண்டு செய்வீங்களா? ஹாஜியார் இரிக்கிற காலத்தில வருசா வருசம் எங்கட கடப்படியிலதான் வேலய தொடங்குவார். மெசின அங்கால நிப்பாட்டிட்டு, மம்பட்டியால இந்தக் குழாயிட வாய தோண்டுவார். வாய்க்கால் பக்கத்தையும் தோண்டுவார். ஒரு வாளி தண்ணிய ஊத்தி அந்தப் பக்கத்தால வருதா எண்டு பாப்பார். அதுக்குப் பொறகுதான் மெசினில ஏறுவார்."

இதை நானும் பார்த்தவன்தான். பதின்மூன்று வருடம் திண்ணையில் இருந்து பார்த்தவன். மெசினைத் திருப்ப அங்கேதான் இடம் இருக்கிறது, அதனால்தான் கீழே போய்த் தொடங்குகிறார் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். பயிற்சிக் கலாசாலையில் எங்களுக்கு முதல் சொல்லித் தந்தது, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ என்பது. கானுக்குச் சட்டம் வேறு. தண்ணீர் போய்ச் சேரும் இடத்திலிருந்து அது வரும் இடத்துக்குப் போக வேண்டும். கீழே வழி திறக்காமல் மேலே வெட்டுவது, தன் வயல் வக்கடையைத் திறந்து அடுத்தவன் வயலை மூழ்கடிப்பதைப் போன்றது. அப்படிச் செய்பவனை வட்டவிதானை கூப்பிட்டு விசாரிப்பார். ஒழுங்கைக்கு வட்டவிதானை கிடையாது.

அன்று இருட்டும்வரை நானும் தாத்தாவின் தம்பியும் மம்பட்டியால் குழாயைத் தோண்டினோம். குழாய் ஓரத்தில் பிளேட்டைக் கொண்டுபோனால் வாய் நொறுங்கிவிடும், அங்கே கைவேலைதான். கானின் குறுக்கே மூன்று இடத்தில் மண் மூடைகளைப் பாதி உயரத்துக்கு அடுக்கி, ஓட்டத்தைக் குறைத்தோம். அது மாரி முடியும்வரைக்கான ஏற்பாடு.

ஆனால் மறுநாள் வகுப்பு இருந்தது. இரவு தூக்கம் வரவில்லை. அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு கொப்பியைக் கொடுத்துச் சமாளித்துவிடலாம் என்று ஒரு மனம் சொன்னது. நிற்க வைத்தது முப்பத்திரண்டு பேருக்கு முன்னால். சமாளிப்பது தனியாகவா என்று இன்னொரு மனம் கேட்டது.

கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதினேன். 9 அங்குல விட்டமுள்ள குழாயிலிருந்து வரும் தண்ணீர் 6 அங்குல விட்டமுள்ள குழாயால் போக வேண்டும். இரண்டின் பரப்பளவுகளுக்கும் இடையிலான விகிதம் என்ன? செய்து முடித்தார்கள். 9:4 என்று சொன்னார்கள். மிச்சத் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டேன். "வளவுக்க போகும் சேர்" என்றான் ஒருவன். பின்வரிசையில் ஒருவன் கையை உயர்த்தி, "அந்தக் குழாய் யார்ர வளவில இரிக்கி சேர்?" என்று கேட்டான். வேண்டுமென்று கேட்டானோ, தெரியாமல் கேட்டானோ அறியேன்.

"பெரிய குழாய் என்ட வளவில. சின்னக் குழாய் இவங்கட வளவில" என்று அவளைக் காட்டினேன். "கான நான்தான் பிழையா வெட்டினன். இவட கொப்பி நனைஞ்சது என்னாலதான். அது தெரியாம நேத்து நான் இவவ நிக்க வச்சிட்டன். அது என்ட பிழை."

வகுப்பில் சத்தம் இல்லை. அவள் நிமிர்ந்து பார்க்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அந்த ஒற்றைத் தாளில் 9:4 என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டாள். நான் அடுத்த கணக்கை எழுதத் திரும்பினேன்.

2023 இல் நாலு வீட்டாரும் கூடிப் பேசி, தாத்தாவின் கடப்படிக்குப் பன்னிரண்டு அங்குல ஹியூம் பைப் வாங்கினோம். கீழே இருக்கும் குழாய், மேலே இருப்பதைவிடச் சிறியதாக இருக்கக்கூடாது என்ற சட்டத்தை அன்று வைத்தோம். குழாயின் அடி, கானின் அடியோடு ஒட்டும்படி புதைத்து, பெட்டி பூட்டிய மெசின் ஏறினாலும் உடையாமல் மேலே ஓரடி மண் போட்டோம். மேசன்மார் பிடிக்கும் தண்ணீர் ரியூபை வாங்கி, றோட்டிலிருந்து வாய்க்கால்வரை மட்டம் எடுத்தேன். 350 அடிக்கு 21 அங்குல இறக்கம். படித்திறன் 1 க்கு 200. எங்கள் தட்டையான நிலத்துக்கு இதுவே பெரிய கொடை. எங்காவது ஓரிடத்தில் ஆழமாகத் தோண்டினால் இறக்கம் கூடாது. அங்கே குட்டை கட்டி நுளம்பு பெருகும், அவ்வளவுதான். மாமா ரியூப் இல்லாமல் இதைக் கண்ணால் பிடித்திருக்கிறார்.

பிறகு மெசினைக் கீழிருந்து தொடங்கினேன். என் ஆழக் கானுக்குள் சில்லு இறங்காது என்பதை அப்போதுதான் அனுபவமாகப் படித்தேன். ஓரங்களை மம்பட்டியால் சரித்து, பாதி ஆழத்துக்கு மண் போட்டு மூடி, மறுபடி நாலடி அகலமாக்க மூன்று நாள் சென்றது. நான்கு தடவையில் மிச்சம் பிடித்த டீசல் அப்படிக் கழிந்தது. சீவிய அடியில் புல் பிடிக்க ஒரு மாதமாவது வேண்டும் என்பதால் இப்போது செப்டம்பரைத் தாண்ட விடுவதில்லை.

2024 நவம்பரில் வந்த வெள்ளம் எங்கள் எல்லாக் கணக்கையும் மூடியது. வாய்க்காலும் வயலும் ஒழுங்கையும் ஒரே தண்ணீர். 26 ஆம் திகதி மாவடிப்பள்ளியில், மத்ரசாப் பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தின் பெட்டியை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள். அந்தச் செய்தி வந்த இரவில், கொட்டிலுக்குள் நின்ற மெசினை லாம்பு வெளிச்சத்தில் பார்த்தேன். இரும்பின் பாரத்தை நம்பி ஓடும் தண்ணீருக்குள் இறங்கக் கூடாது என்று என் பிள்ளைகளுக்கும் வகுப்புப் பிள்ளைகளுக்கும் அன்றிலிருந்து சொல்லி வருகிறேன்.

அப்படிப்பட்ட வெள்ளத்தை நாலடிக் கான் தடுக்கும் என்று நான் சொல்லமாட்டேன். தோணா நிரம்பி, முகத்துவாரம் வெட்டிக் கடலுக்குத் தண்ணீர் போகும்வரை யாருடைய கானும் ஓடாது. ஆனால் முகத்துவாரம் திறந்து வாய்க்கால் இறங்கத் தொடங்கியதும், தாத்தாவின் வளவுத் தண்ணீரும் எங்கள் வளவுத் தண்ணீரும் ஒரே நாளில் வடிந்தன. அந்த முறை யாருடைய தண்ணீரும் யாருடைய வீட்டிலும் காத்துக்கொண்டு நிற்கவில்லை.

கடந்த செப்டம்பரிலும் ஒரு சனிக்கிழமை மெசினைக் கீழே கொண்டுபோய் நிறுத்தினேன். மம்பட்டியால் குழாயின் இரண்டு வாயையும் தோண்டினேன். தாத்தா ஒரு வாளி தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பிளேன்டீ ஊற்ற உள்ளே போனார். தண்ணீரை ஊற்றிவிட்டு வாய்க்கால் பக்கம் ஓடிப்போய்க் குந்திப் பார்த்தேன். முதலில் ஒரு காய்ந்த தென்னம்பூ வந்தது. அதற்குப் பின்னால் தண்ணீர் வந்தது. எழும்பிப் போய் மெசினில் ஏறினேன்.